வலி எத்தனை என்று கேட்டார்கள்

முதல் பெரிய வலி வந்தபோது நான் காரின் இடது பக்க இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டியரிங், என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த வங்கி ஊழியரான ஒரு பெண்ணின் கையில் இருந்தது. பெருங்களத்தூர் மேம்பாலத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். பயிற்சிப் பள்ளிக் கார்களில் இடது பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுபவர் தடுமாறினால் நான் மிதிக்க வேண்டும். அதுதான் என் வேலை. பத்து வருடங்களுக்கு மேலாகச் செய்துவரும் வேலை.

தொப்புளுக்குக் கீழே, ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஏதோ முறுக்கியது. நான் முன்னால் குனிந்துவிட்டேன்.

"மேடம், பஸ் நிக்குது. மேடம், முன்னாடி பஸ் நிக்குது" என்று அவர் சொல்வது காதில் விழுந்தது. கால் கேட்க மறுத்தது. எப்படியோ பிரேக்கை மிதித்தேன். பஸ்ஸின் பின்பக்கத்துக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அந்தப் பெண் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதார். நான் கதவைத் திறந்து சாலையோரம் வாந்தி எடுத்தேன்.

வலி ஒரு வழியாக விட்டது. வந்த சுவடே தெரியாமல் போனது. ஆனால் அன்றே முடிவு செய்துவிட்டேன். இதற்கு ஒரு வழி தெரியும்வரை அந்த இருக்கையில் உட்காரப் போவதில்லை. என் வயிறு எனக்கு மட்டும் சொந்தம். பிரேக் அப்படியில்லை.

ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் ஆரம்பித்தோம். ரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி ஸ்கேன் பார்த்தார்கள். பிறகு கொலோனாஸ்கோபி. ஆசனவாய் வழியாக ஒரு மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்திப் பெருங்குடலை உள்ளே பார்ப்பதற்கு அந்தப் பெயர். சோதனையைவிட அதற்கு முந்தைய நாள்தான் கொடுமை. குடலைக் கழுவ, உப்பும் எலுமிச்சையும் கலந்தாற்போன்ற ஒரு திரவத்தைக் குடம் குடமாகக் குடிக்கச் சொல்வார்கள். என் கணவர் குமரன் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். அன்று லீவு போட்டுவிட்டு, குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் அடுத்த டம்ளரை நீட்டினார்.

முடிவு வந்தது. எல்லாம் நார்மல்.

அந்த வார்த்தையைக் கேட்டு நான் மகிழ்ந்திருக்க வேண்டும். காத்திருப்போர் அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவுக்குக் கட்டி என்று சொல்லியிருந்தார்கள். எனக்குக் கட்டியும் இல்லை, புண்ணும் இல்லை. ஆனால் வலி இருந்தது. பில்லைக் கட்டிவிட்டு வெளியே வந்தபோது, நான் ஏதோ பொய் சொல்லி மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

அந்த மருத்துவர் நல்லவர். பொறுமையாக விளக்கினார். குடல் ஒரு தசைக் குழாய். அலை அலையாகச் சுருங்கி விரிந்து உணவைத் தள்ளிக்கொண்டே போகும். சிலருக்கு அந்த அலை தப்புத் தாளத்தில் வரும். ஒரே இடத்தில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஐ.பி.எஸ்., அதாவது எரிச்சல் குடல் நோய் என்பார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் வாழ விடாது. பிடிப்பைத் தளர்த்த மாத்திரை கொடுத்தார். அது வேலை செய்தது. கூடவே நாக்கு வறண்டது, பார்வை மங்கியது. சாப்பிட்டுவிட்டுத் தெருவைப் பார்த்தால் எதிரில் வரும் ஆட்டோ ஓரங்கள் கலைந்து தெரிந்தது.

"வலி இல்லாம இருக்கலாம். இல்ல, கார்ல உக்காரலாம். ரெண்டும் சேந்து கெடைக்காது போல" என்று குமரனிடம் சொன்னேன்.

தாம்பரம் பக்கம் ஒரு சித்த மருத்துவமனையில், குடல் பிடிப்புக்கு மூலிகை மாத்திரை கொடுத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று எங்கள் பயிற்சிப் பள்ளிக்கு வந்த ஒருவர்தான் சொன்னார். போய் நின்றேன். அங்கே மேற்படிப்புப் படிக்கும் இளம் மருத்துவர் நிவேதா என்னை உட்கார வைத்துப் பேசினார். என் மகளைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும்.

"சித்தத்துல இதைக் குன்மம்னு சொல்வோம்மா. ஓமம், புதினா, சோம்பு, இன்னும் ரெண்டு மூலிகை. எல்லாம் நம்ம வீட்டுல இருக்கறதுதான். வயித்துப் பிடிப்புக்குக் கேக்கும்னு எல்லாரும் சொல்றோம். ஆனா நெஜமாவே கேக்குதா, எவ்வளவு கேக்குதுன்னு யாரும் சரியா அளந்து பாக்கல. அதைத்தான் நான் பண்றேன்."

பாதிப் பேருக்கு மூலிகை மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறம், அதே கனத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது, கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது. அந்த விவரத்தை எழுதி, உறையில் போட்டு ஒட்டி வேறொருவர் வைத்திருப்பார். எதற்கு இப்படி என்று கேட்டேன். மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையே பாதி வலியைக் குறைத்துவிடும், அதைக் கழித்துப் பார்த்தால்தான் மூலிகையின் பங்கு தெரியும் என்றார். முதலில் சில வாரம் வார்டில் தங்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. பிறகு வீட்டிலிருந்து வந்து காட்டினால் போதும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

குமரனுக்குப் பிடிக்கவில்லை. "உன் கார்ல எல்லாரும் வந்து கத்துக்கறாங்க. இப்ப உன் வயித்துலயும் கத்துக்கப் போறாங்களா?"

"கத்துக்கட்டுமே. யார் வயித்துலயாவது கத்துக்கிட்டுத்தான ஆகணும். பிரேக் என் கால்லதான் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் துண்டு, போர்வை, ஃபிளாஸ்க் எல்லாவற்றையும் அவரே பையில் எடுத்து வைத்தார்.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் எனக்குக் கிடைத்தது. பக்கத்துக் கட்டிலில் தேசம்மா. கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரர், மேடவாக்கத்தில் ரோட்டோரமாக மீன் விற்பவர். ஐம்பதைத் தாண்டியிருப்பார். நான் பையை வைப்பதற்குள் விசாரணையை முடித்துவிட்டார்.

"இன்னா வேல பாக்குற?"

"கார் ஓட்டக் கத்துக்குடுக்கறேன்க்கா."

"பொம்பளையா?" ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். "நல்லாத்தான் கீது. டிரைவரம்மா, அந்த ஜன்னல கொஞ்சம் தொற. காத்தே இல்ல."

அன்றிலிருந்து வார்டு முழுவதும் எனக்கு டிரைவரம்மா என்றுதான் பேர்.

யாருக்கு மூலிகை, யாருக்கு மாவு என்று கண்டுபிடிப்பதுதான் வார்டின் முக்கியப் பொழுதுபோக்கு. மாத்திரை விழுங்கிய கொஞ்ச நேரத்தில் ஏப்பம் வந்தால், பக்கத்தில் இருப்பவரை மோந்து பார்க்கச் சொல்வார்கள். ஓம வாசனை வந்தால் மூலிகை. எதிர்க் கட்டில் அம்மாவுக்கு வந்தது. எனக்கும் வந்தது. தேசம்மாவுக்கும் வந்தது. கடைசியில் எல்லோருக்கும் வந்தது. நிவேதாவிடம் கேட்டபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இப்படி நடக்கும் என்று தெரிந்துதான் மாவு மாத்திரையையும் ஓமத்தோடு ஒரே டின்னில் போட்டு வைத்திருந்தார்களாம்.

தினமும் காலையில் நிவேதா கட்டில் கட்டிலாக வருவார். "இன்னிக்கு வலி எத்தனைம்மா?" என்று கேட்பார். பூஜ்யம் என்றால் வலி இல்லை. பத்து என்றால் தாங்கவே முடியாது. நாம் ஒரு எண் சொல்ல வேண்டும். அந்த எண்தான் அவருடைய ஆராய்ச்சி. ரத்தத்தில் சர்க்கரையை அளக்க மெஷின் இருக்கிறது. வலிக்கு அப்படி ஒன்றும் கிடையாது. வலிக்கிறவர் வாய்தான் மெஷின்.

முதல் வாரத்தில் ஒரு காலை நான் "ஏழு" என்றேன். விடியற்காலையில் முறுக்கு வந்து, முழங்காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடந்திருந்தேன். நிவேதாவின் முகம் சட்டென்று வாடியது. மறைக்கப் பார்த்தார். அவருக்கு மறைக்கத் தெரியவில்லை. "சரிம்மா" என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"ரெண்டு, பாப்பா" என்றார் தேசம்மா. "உன் மாத்திர தேவாமிர்தம்."

நிவேதாவின் முகம் விளக்கு போட்டதுபோல் ஆனது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விடியற்காலையில் என்னைவிட அதிகமாகப் புரண்டவர் தேசம்மாதான். போர்வை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடந்ததை நான் பார்த்தேன்.

மருத்துவர் போனதும் கேட்டேன். "என்னக்கா, ரெண்டுன்னு சொல்றீங்க?"

"பின்ன? ஏழு, எட்டுன்னு சொல்லிக்கினு கெடக்கணுமா உன்ன மாரி? அந்தப் பொண்ணு மூஞ்ச பாத்தியா நீ? வூட்ட வுட்டுட்டு வந்து படிக்கிது. நம்ம எல்லாம் நல்லாயிட்டோம்னு காட்னாத்தான் பாஸ் போடுவாங்களாம். உனுக்கு ஒரு பொண்ணு கீதுல்ல?"

எதிர்க் கட்டில் அம்மாவும் ஒத்து ஊதினார். "நானும் நாலுதான் சொன்னேன். அஞ்சு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பாவமா இருந்துச்சு."

அப்போதுதான் புரிந்தது. வார்டே சேர்ந்து அந்தப் பெண்ணைத் தேர்வில் பாஸ் செய்ய வைத்துக்கொண்டிருந்தது. என்னை மட்டும் ஈரமில்லாதவள்போல் பார்த்தார்கள். மறுநாள் ஐந்தாக இருந்த வலியை நானும் மூன்று என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு தடுமாறியது. ஐந்து என்றுதான் சொன்னேன். பிடிவாதம்தான் காரணம், வேறு பெரிய தர்மம் ஒன்றுமில்லை. இந்த மாத்திரை கேட்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் வேலையை விட்டுவிட்டு வந்து படுத்திருக்கிறேன். நானே தப்பு எண் சொன்னால் பின்னே எதற்கு வந்தேன்?

குமரன் பட்டறை முடிந்து தினமும் வருவார். கையில் கிரீஸ் வாசனை போகாது. வெளிச் சாப்பாடு கூடாது என்பதால் அவரால் ஒன்றும் வாங்கி வர முடியவில்லை. அது அவருக்குப் பெரிய குறை. அதனால் வந்து என் தலையைச் சீவிவிடுவார். ஆரம்பத்தில் பின்னல் கோணலாக இருந்தது. போகப் போக நன்றாக வந்தது. தேசம்மா அதை ரசித்துப் பார்ப்பார். "எங்காளு இருந்த வரைக்கும் எனுக்கு ஒரு பூ வாங்கியாந்தது இல்ல" என்பார். கணவர் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஒரே மகன் சங்கர், கடலுக்குப் போகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, பேசத் தெரியாமல் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போவான்.

வார்டில் சேர்ந்த அன்றே நிவேதா எல்லோருக்கும் ஒன்று சொல்லியிருந்தார். வயிறு உப்பிக்கொண்டு வந்தால், வாந்தி நிற்காமல் போனால், மலமும் காற்றும் பிரியவில்லை என்றால் உடனே சொல்ல வேண்டும். அது சாதாரணப் பிடிப்பு இல்லை. குழாய் எங்கோ அடைபடுகிறது என்று அர்த்தம்.

தேசம்மா கஞ்சியைப் பாதியில் வைக்க ஆரம்பித்தார். பிறகு வாயிலேயே வைப்பதில்லை. பாத்ரூமுக்குப் போனால் குழாயை முழுவதும் திறந்துவிடுவார். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே வேறொரு சத்தம் கேட்கும். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும். "மொகம் கயுவினேன்" என்பார்.

ஒரு மதியம் எல்லோரும் கண்ணயர்ந்திருந்தார்கள். தேசம்மா கட்டிலில் இல்லை. வெகுநேரமாகியும் வரவில்லை. போய்ப் பார்த்தேன். பாத்ரூம் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். புடவை விலகி வயிறு தெரிந்தது. பானைபோல் உப்பியிருந்தது. அந்தத் தோலுக்கு அடியில் ஏதோ நெளிந்து போனதைக் கண்ணால் பார்த்தேன். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு அலை. அலை போகும்போது அவர் வாய் பிளந்தது, சத்தம் வரவில்லை.

"அக்கா, எத்தனை நாளா வெளிக்குப் போகல?"

முந்தானையை இழுத்து வயிற்றை மூடினார்.

"காத்து பிரியுதா?"

தலையை ஆட்டினார். இல்லை.

"நான் டாக்டரைக் கூப்பிடறேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். மீன் வெட்டிப் பழகிய கை, அந்த நிலையிலும் இரும்புப் பிடி. "வாணாம். சொல்லாத. சொன்னா பெரிய ஆசுபத்திரிக்கு அனுப்பி வயித்த கியிச்சிடுவாங்க. எங்க அண்ணன அப்டித்தான் இட்டுக்கினு போனாங்க. திரும்பி வரவேல்ல. இது தானா சரியாப் பூடும். உன் பொண்ணு மேல சத்தியம் பண்ணு, சொல்ல மாட்டேன்னு."

அந்தப் பயத்தை அதுவரை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. ரெண்டு, ரெண்டு என்று சொன்னதெல்லாம் நிவேதாவின் முகத்துக்காக மட்டும் இல்லை என்று அப்போது தெரிந்தது.

"சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்க்கா. நான் சொல்லத்தான் போறேன். கையை விடுங்க."

"போனியானா இனிமே எங்கூட பேசாத."

நான் போனேன். அந்தக் கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

நிவேதா ஓடி வந்தார். அப்போதும் தேசம்மா, "ஒண்ணுல்ல பாப்பா. ரெண்டுதான்" என்றார். நிவேதா அவர் வயிற்றில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. நிவேதாவின் முகத்தில் இருந்த சிறுபெண் எங்கோ போய், ஒரு மருத்துவர் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். சத்தம் போடாமல், அவசரப்படாமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஸ்டிரெச்சர், எக்ஸ்ரே, கையில் ஊசி ஏற்றி நீர், மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய், ஆம்புலன்ஸ். எக்ஸ்ரேயில் குடலுக்குள் படிக்கட்டுபோல் நீர் தேங்கி நின்றது. அடைப்பு.

அறுவை சிகிச்சை செய்யும் அரசு மருத்துவமனையிலிருந்து போனில் கேட்டார்கள். என்ன மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்? ஆபத்து நேரத்தில் உறையைத் திறந்து பார்க்கலாம் என்று விதி இருக்கிறது. தேசம்மாவின் உறையைக் கொண்டுவந்து கிழித்தார்கள். நான் வராந்தாவில் நின்றிருந்தேன். நிவேதா அதைப் படித்துவிட்டு, போனில் "மருந்து எதுவும் இல்ல சார். மாவு மாத்திரை" என்றார். போனை வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"தினமும் ரெண்டுன்னு சொன்னாங்களே. தேவாமிர்தம்னாங்களே" என்றார் என்னைப் பார்த்து.

சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். "உங்க முகத்துக்காகச் சொன்னாங்க டாக்டர். அவங்க மட்டும் இல்ல. வார்டுல பாதிப் பேர் அப்படித்தான் சொல்றாங்க."

ஸ்டிரெச்சரில் போகும்போது தேசம்மா என் பக்கம் திரும்பவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டார்.

அந்தச் சாயங்காலம்போல் ஒரு சாயங்காலத்தை நான் அனுபவித்ததில்லை. அண்ணன் திரும்பி வரவில்லை என்று அவர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இவரும் வராவிட்டால், அனுப்பி வைத்தவள் நான். அனுப்பாவிட்டாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று புத்திக்குத் தெரிந்தது. புத்தி சொல்வதை வயிறு கேட்கவில்லை. என் குடல் தன் வேலையைக் காட்டியது. குமரன் வந்தபோது நான் சுருண்டு கிடந்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் சீப்பைக் கையில் எடுத்தவர், கீழே வைத்துவிட்டார்.

"அந்தப் பையனுக்கு யார் துணை?"

"தெரியல. தனியா வந்திருப்பான்."

"நான் அங்க போறேன். உனக்கு இங்க சிஸ்டர் இருக்காங்க."

போனார். சங்கரோடு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவனை டீ குடிக்க வைத்தாராம், ரத்தம் கொடுக்க ஆள் கேட்டபோது தன் கையை நீட்டினாராம். இதெல்லாம் பிறகு சங்கர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று அவர் போனில் சொன்னது இவ்வளவுதான்: "முடிஞ்சிருச்சு. நல்லா இருக்காங்க. நீ தூங்கு."

சிறுகுடலில் ஒரு இடம் விரல்கூட நுழையாத அளவுக்குச் சுருங்கியிருந்ததாம். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். வெட்டியதைச் சோதித்ததில் காசநோய் என்று வந்தது. காசநோய் நுரையீரலுக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்தேன். குடலுக்கும் வருமாம், புண்ணாகி, ஆறும்போது தழும்பு இறுகிக் குழாயைச் சுருக்கிவிடுமாம். தேசம்மாவின் குடல் வலித்தது, அந்தச் சுருக்கத்தைத் தாண்டித் தள்ளப் பார்த்ததால். அந்த வலிக்கு எந்த மூலிகையும் மருந்தில்லை. வார்டில் சேர்ந்தபோது எடுத்த ஸ்கேனில் அது தெரியவில்லை. எடை குறைகிறதா, வாந்தி வருகிறதா என்று கேட்டபோது அவர் இல்லை என்று சொல்லியிருந்தார். தொடர்ந்து மாத்திரை சாப்பிட்டால் முழுவதும் குணமாகிவிடும் என்றார்கள்.

இதைப் படிப்பவர்கள் மறக்க வேண்டாம். எல்லா வயிற்று முறுக்கும் ஓமத்தண்ணீரில் தீருவதில்லை. எனக்கு வந்ததும் அவருக்கு வந்ததும் வெளியே பார்க்க ஒரே வலி. உள்ளே வேறு வேறு.

நிவேதா அடுத்த இரண்டு நாள் வார்டுக்கு வரவில்லை. ஆராய்ச்சியையே விட்டுவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் வந்தார். நடு வார்டில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நான் பாஸ் ஆகறதுக்கு நீங்க நல்லாகணும்னு இல்லம்மா. இந்த மாத்திரை கேக்கலன்னா, கேக்கலன்னு எழுதினாலும் எனக்கு டிகிரி கெடைக்கும். ஆனா கேக்காத மாத்திரைய கேக்குதுன்னு எழுதிட்டேன்னா, நாளைக்கு உங்கள மாதிரி யாரோ ஒருத்தங்க அதை நம்பிச் சாப்பிட்டுக்கிட்டு வீட்டுலயே கெடப்பாங்க."

எதிர்க் கட்டில் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நான் கேட்டா நீங்க சொல்ல மாட்டீங்க. அது எனக்குப் புரிஞ்சிருச்சு. அதனால இனிமே நான் கேக்கப் போறதில்ல. சிஸ்டர் மேரி கேப்பாங்க. ஆராய்ச்சிய மேற்பார்வை பண்ற கமிட்டில அனுமதி வாங்கிட்டேன். இதுக்கு முன்னாடி நீங்க சொன்ன எண்ணெல்லாம் கணக்குல சேராம தனியா போயிரும்."

சிஸ்டர் மேரி சிரித்து அந்த வார்டில் யாரும் பார்த்ததில்லை. போர்வை மடிப்பு கலைந்தால் திட்டுவார், பார்க்க வந்தவர் கட்டிலில் உட்கார்ந்தால் விரட்டுவார். அவர் முகம் வாடும் என்ற கவலையே யாருக்கும் இல்லை, வாடுவதற்கு அதில் மலர்ச்சி இருந்தால்தானே. மறுநாள் காலை கட்டில் முனையில் நின்று, "வலி எத்தனை?" என்றார். எதிர்க் கட்டில் அம்மா பளிச்சென்று "ஆறு" என்றார். அடுத்தவர் "ஏழரை" என்றார். "அரையெல்லாம் கெடையாது" என்றார் சிஸ்டர். ஒரே காலையில் வார்டு முழுவதும் வலி கூடிவிட்டது. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த நிவேதாவின் முகத்தில் இந்த முறை வாட்டம் இல்லை.

எனக்கு அதன் பிறகு வேறொரு கஷ்டம் வந்தது. ஏழு ஐந்தாகி, ஒரு நாள் மூன்றாகியது. இது நிஜமான மூன்றா? தேசம்மா பிழைத்த நிம்மதியா? மாவைத் தின்றுவிட்டு மருந்து என்று நம்புகிறேனா? வலியைச் சொல்வதைவிட வலி குறைந்ததைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. கண்ணை மூடி, வயிற்றை மட்டும் கவனித்து, அது சொன்னதைச் சொன்னேன். சில நாள் திரும்ப ஆறுக்கு ஏறியது. அதையும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் மாத்திரை தொடர்ந்தது. வாரா வாரம் போய் சிஸ்டர் மேரியிடம் எண் சொல்லிவிட்டு வருவேன். ஒரு முறைகூட விடவில்லை. கொட்டும் மழையில் முடிச்சூர் ரோட்டில் முழங்கால் தண்ணீர் நின்ற அன்றும் போனேன். "நீ ஒரு ஆள்தான் இன்னிக்கு வந்த" என்றார் சிஸ்டர். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

எல்லோருடைய முறையும் முடிந்து உறைகளைத் திறந்த பிறகு நிவேதா என்னை அழைத்துச் சொன்னார். எனக்குக் கொடுத்தது மூலிகை. மாவு சாப்பிட்டவர்களுக்கும் வலி கொஞ்சம் குறைந்திருந்தது. மூலிகை சாப்பிட்டவர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்திருந்தது. "நான் ஆசைப்பட்ட அளவுக்கு இல்லம்மா. ஆனா இருக்கு. இன்னும் நெறைய பேர் கிட்ட பாத்தாத்தான் உறுதியா சொல்ல முடியும். அப்படியே எழுதியிருக்கேன்" என்றார். அந்தக் கொஞ்சம் எனக்குப் போதுமாக இருந்தது. வலி இன்னும் வருகிறது. ஆனால் வருவதற்கு முன் சொல்லிவிட்டு வருகிறது, வந்தால் சீக்கிரம் போகிறது. கண் மங்கவில்லை. ஒரு மாதம் வலியைக் கவனித்துப் பார்த்து, என் மருத்துவரும் சரி என்ற பிறகு, மறுபடியும் இடது பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். வயிறு லேசாக முனகினாலே வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிடுவேன். கற்றுக்கொள்பவர்கள் காரணம் கேட்டால் மறைப்பதில்லை.

தேசம்மாவை அரசு மருத்துவமனையில் ஒருமுறை பார்க்கப் போனேன். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். சங்கர் மட்டும் குமரனுக்கு அவ்வப்போது போன் செய்வான். அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், எடை ஏறியிருக்கிறது, மறுபடி கடை போட ஆரம்பித்துவிட்டார் என்று அவன் சொன்ன வாரமே, நானும் குமரனும் மேடவாக்கம் போனோம்.

குடைக்குக் கீழே உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். முகம் உருண்டிருந்தது. என்னைப் பார்த்தார், கை நிற்கவில்லை.

"இன்னா வோணும்?"

"எது நல்லாருக்கு?"

"கெயங்கா மீனு எத்துக்கினு போ. உன் வயித்துக்கு அதான் ஒத்துக்கும். மொளகா கம்மியா போடு."

அவரே பொறுக்கி எடுத்தார். சுத்தம் செய்ய ஆரம்பித்தார். குமரன் பர்ஸை எடுத்ததும் கத்தியைக் காட்டி உள்ளே வைக்கச் சொன்னார். "நீ ரத்தம் குட்த்தவன். நவுரு." நான் ரோட்டோர வாய்க்கால் மேட்டில் நின்றுகொண்டு எப்படிக் கேட்பது என்று தெரியாமல், கடைசியில் கேட்டே விட்டேன்.

"இன்னும் என் மேல கோவம் இருக்காக்கா?"

"கீது" என்றார் மீனைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "பொய்யா சொல்ல சொல்ற?"

பிறகு பக்கத்தில் இருந்த காலி ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து, ஈரத்தைத் துடைத்து, என் பக்கம் தள்ளினார்.

"வெய்யில்ல நிக்காத. குந்து."